பரஸ்தானம் போன சைக்கிள்

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்திக்கிடுங்க தம்பி. உங்க முட்டியில் இடிப்பது ஹேண்டில்பார். தள்ளிவிடாதீங்க, சாய்ந்தால் கண்டக்டர் மறுபடி ஆரம்பித்துவிடுவான். பாளையங்கோட்டையில் ஏற்றும்போதே, "பெரியவரே, இது பஸ்ஸா, சைக்கிள் கடையா?" என்றான். "நீர் லக்கேஜ் டிக்கெட்டைக் கிழியும், மற்றதை இறங்கும்போது பேசுவோம்" என்று சொல்லிவிட்டேன். என் மடியில் இருக்கிற சக்கரமும் இதோடதுதான். முன்சக்கரம். ஒரு பிடியைத் திருகினால் கையோடு வந்துவிடும். இந்தக் காலத்துச் சைக்கிளில் எல்லாமே தனித்தனியாகக் கழன்று வந்துவிடும், ஓட்டுகிறவன் உட்பட.

உங்க மடியில் என்ன, சுவர்க்கடிகாரமா? புதுவீடு பால்காய்ப்பா? சரிதான். அந்த வீட்டுக்கு இன்னும் நாலு பேர் கடிகாரம்தான் கொண்டுவருவார்கள், பார்த்துக்கிட்டே இருங்க. எங்கே, உடன்குடியா? அப்போ எனக்குப் பிறகுதான் நீங்கள் இறங்கணும். நான் தேரிக்குப் பாதை பிரிகிற விலக்கில் இறங்கிக்கிடுவேன். செம்மணல் தேரி. பார்த்ததில்லையா? குரும்பூர் தாண்டினதும் சன்னல் பக்கம் பாருங்க, செக்கச்செவேலென்று மேடும் பள்ளமுமாக மணல் கிடக்கும். பாலைவனம் மாதிரி. மாதிரி என்ன மாதிரி, அதுவும் பாலைவனம்தான். நிஜப் பாலைவனத்தையே பார்த்தவன் நான், எனக்குத் தெரியாதா.

இந்தச் சைக்கிள் என்னுடையது இல்லை. திருடிக்கொண்டும் போகவில்லை. இது கோமதிநாயகத்தின் சைக்கிள். ஒரு நூல் மில்லில் எஞ்சினியராக இருந்து ரிட்டயர் ஆனவன். எங்கள் தாமரை நகரில் நடுத்தெருவில் வீடு. காலனியின் வடக்கு ஓரத்தில் கடைசி வீடு என்னுடையது. அந்த வடக்குதான் எல்லாவற்றுக்கும் காரணம். அதற்கு வருகிறேன்.

கோமதிநாயகம் ஒருநாள் போனில் ஏதோ படம் பார்த்திருக்கிறான். ஒரு வெள்ளைக்காரன் மூட்டை முடிச்சோடு சைக்கிளில் பனிமலை ஏறுகிறான், அப்புறம் ஒட்டகங்களுக்கு நடுவே மணலில் இறங்குகிறான். அன்றிலிருந்து இவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. தானும் போகணும். இமாசல மலையில் ஆரம்பித்து ராஜஸ்தான் பாலைவனத்தில் முடிக்கணும். அதுவும் வசந்த காலத்தில் போகணும். மில்லில் இருந்த காலத்தில் லிப்ட் வரவில்லையென்றால் மாடி வேலையையே மறுநாளைக்குத் தள்ளிவைத்த ஆள் இவன்.

கூட்டாளிகள் இரண்டு பேர். ஒருவன் ஞானதுரை, பல் டாக்டர். என்ன வலி என்று சொன்னாலும் "பிடுங்கிரலாம்" என்பான். இன்னொருவன் பிச்சுமணி, பேங்க் மேனேஜராக இருந்தவன். பஞ்சாங்கம் பார்க்காமல் பல் தேய்க்கமாட்டான். மூன்று பேருக்கும் தொப்பை. மூன்று பேருக்கும் கியர் வைத்த சைக்கிள்.

ஒரு வருஷம் திட்டம் போட்டார்கள் தம்பி. ஒரு வருஷம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் கோமதிநாயகம் வீட்டு மொட்டைமாடியில் கூட்டம். அவன் பெண்டாட்டி செண்பகம் வாழைக்காய் பஜ்ஜி போட்டுப் போட்டு மேலே கொண்டுவருவாள். இவர்கள் சுவரில் இந்தியா படத்தை ஒட்டி, குண்டூசி குத்தி, ஊசிக்கு ஊசி நூல் கட்டி, இமயமலையை எண்ணெய்க் கையாலேயே தாண்டினார்கள். எதையெல்லாம் பேசினார்கள் என்கிறீர்கள். பின்பக்கம் பஞ்சு வைத்துத் தைத்த கால்சட்டை. கைக்குழந்தைக்குக் கொடுக்கிற மாதிரி உறிஞ்சிக் குடிக்கிற தண்ணீர் பாட்டில். பின்னால் வருவதைப் பார்க்கத் தலைக்கவசத்தில் ஒரு கண்ணாடி. "பின்னால யாருவே வரப்போறா, முன்னாலயே யாரும் இல்லாத ஊரு அது" என்று கேட்டேன். அடுத்த குண்டூசியைக் குத்தினார்கள். மூன்று பேருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் பனியன், நெஞ்சில் 'மலை முதல் மணல் வரை' என்று அச்சடித்து. எல்லாம் ஆச்சு, சைக்கிள் ஓட்டிப் பழகினார்களா என்றால், அது மட்டும் அடுத்த மாசம்.

நான் எப்படி அந்தக் கூட்டத்தில் என்கிறீர்களா? கூப்பிட்டால்தான் போகணுமா. பஜ்ஜி வாசனைக்குக் கதவு கிடையாது. அதோடு அந்தக் காலனியில் அந்த வழியெல்லாம் தெரிந்த ஒரே ஆள் நான்தான். திருநெல்வேலி ஜங்ஷனில் லாரி பார்சல் ஆபீசில் இருந்தவன். வடநாட்டு ஊர் பூராவும் எனக்கு அத்துப்படி. சிம்லா, மணாலி, பட்டிண்டா, பிக்கானேர், ஜோத்பூர், என் கையால் மூட்டையில் மை தொட்டு எழுதாத ஊர் கிடையாது.

ஜோத்பூருக்கு நான் சைக்கிளிலேயே போனவன் தம்பி. சிரிக்காதீங்க. வாலிபத்தில். அந்த ஊருக்குப் போகவேண்டிய மிளகாய் வத்தல் மூட்டை ஒன்று வழி தவறி எங்கேயோ மலைப்பக்கம் போய்விட்டது. முதலாளி, "பரமார்த்தலிங்கம், நீ போனாத்தான்டே காரியம் ஆகும்" என்றார். ஆபீஸ் சைக்கிளை எடுத்தேன். கியரா, பஞ்சுக் கால்சட்டையா, ஒன்றும் கிடையாது. வேட்டியை மடித்துக் கட்டினேன், கிளம்பினேன். மலையில் மூட்டையைக் கண்டுபிடித்துக் கேரியரில் வைத்து இறக்கத்தில் விட்டேன் பாருங்க, எவ்வளவு நீள இறக்கம் என்றால், பாதியில் தூக்கம் வந்து, தூங்கி, முழித்துப் பார்த்தால் தாடி வளர்ந்திருக்கிறது, இறக்கம் முடியவில்லை. பாலைவனத்தில் வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். என் நிழலே தாங்கமாட்டாமல் சைக்கிளுக்கு அடியில் போய் ஒண்டிக்கொண்டது. சாயங்காலம்தான் வெளியே வந்தது. வத்தல் நெடியில் ஒட்டகமெல்லாம் தும்மித் தும்மி, அந்தக் காற்றில் ஒரு மணல்மேடே இடம் மாறிப் போய்விட்டது. அதற்கப்புறம் அந்த ஊர் ராஜா என்னைக் கூப்பிட்டு... சரி, அது வேண்டாம். நீங்கள் நம்பமாட்டீர்கள்.

இதைத்தான் மொட்டைமாடியிலும் சொன்னேன். ஞானதுரை என்ன கேட்டான் தெரியுமா? "அண்ணாச்சி, நீங்க ஆபீஸ் சைக்கிளை எப்பவும் உருட்டிக்கிட்டேதான் போவீகன்னு ஜங்ஷன்ல சொல்லுதாங்களே?" பல் பிடுங்குகிறவனுக்கு என்ன தெரியும். பார்சல் ஏற்றின சைக்கிளை உருட்டத்தான் செய்வார்கள். அடுத்தவன் சரக்கை வைத்துக்கொண்டு மேலே ஏறி மிதிக்கிறதா? அது பார்சலுக்கு மரியாதையா?

செய்துங்கநல்லூரா வருகிறது? பரவாயில்லை, வேகமாகத்தான் போகிறான்.

ஒருநாள் நானே வாய்விட்டுக் கேட்டேன். "சரிவே, நானும் வாரேன். எனக்கும் ஒரு சைக்கிளுக்கு ஏற்பாடு பண்ணுங்க. வழி தெரிஞ்ச ஆள் ஒண்ணு கூட வேணும்லா."

கோமதிநாயகம் பஜ்ஜியை மென்றுகொண்டே சொன்னான்: "நீங்களும் வந்துட்டா எப்படி அண்ணாச்சி? நாங்க திரும்பி வந்து சொல்லுத கதையைக் கேக்கதுக்கு ஊர்ல ஒரு ஆள் வேண்டாமா?"

மூன்று பேரும் சிரித்தார்கள். பிச்சுமணிக்குப் புரை ஏறிவிட்டது. தட்டோடு படியேறி வந்த செண்பகம் மட்டும் சிரிக்கவில்லை. தட்டை என் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டுக் கீழே போனாள்.

கதை கேட்கிற ஆள். நான். என் ஆயுசில் நான் யார் கதையையும் கேட்டவன் இல்லை தம்பி. இப்போது உங்களிடமே பாருங்கள், கடிகாரம் யாருக்கு என்றுகூட முழுசாகக் கேட்டேனா? எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்கமாட்டேன். அதற்கு முந்தின நாள் என் பழைய கான்வாஸ் செருப்பைத் தோய்த்துக் காயப்போட்டிருந்தேன் என்றால், அது அழுக்காக இருந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் வசந்த காலம் எப்போது என்று ஒரு சண்டை. ஞானதுரை போனைப் பார்த்து, "அங்கெல்லாம் மாசி, பங்குனிதான் வசந்தம், அப்பவே கிளம்பணும்" என்றான். பிச்சுமணி பஞ்சாங்கத்தைப் பிரித்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினான். "சித்திரை, வைகாசிதான் வசந்த ருது. அச்சுல போட்டிருக்கு. உம்ம போன்ல இருக்கவன் எந்த ஊர்க்காரனோ." பங்குனி வெயிலுக்கே கர்ச்சீப்பை நனைத்துத் தலையில் போடுகிற பயல்கள், சித்திரையை வசந்தம் என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள்.

நான் சொன்னேன். "ஏவே, சித்திரையில நம்ம ஊர் தார் ரோட்டுலயே செருப்பு ஒட்டுது. பாலைவனத்துல என்னத்துக்கு ஆவீங்க?"

"அது சரி, உங்க நிழல் சைக்கிளுக்கு அடியில போச்சே, அது எந்த மாசம் அண்ணாச்சி?" என்றான் பிச்சுமணி. அதற்கும் சிரிப்பு.

சரி, நாள் குறித்தார்கள். அதில் ஒரு சிக்கல். இவர்கள் போகிற ரயில் வாரத்துக்கு ஒருநாள், செவ்வாய்க்கிழமைதான் ஓடும். செவ்வாய் வடக்கே சூலம். வடக்கு நோக்கிப் புறப்படக் கூடாது. போதாததற்குக் கோமதிநாயகத்துக்கு அன்றைக்குச் சந்திராஷ்டமம். பிச்சுமணி யோசி யோசி என்று யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். பரஸ்தானம். உங்கள் வீட்டில் உண்டா? போகிற நாள் நல்ல நாளாக இல்லையென்றால், முன்கூட்டி ஒரு நல்ல நேரத்தில் பயணச் சாமானைப் போகிற திசையில் இருக்கிற ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. வைத்துவிட்டால் பயணம் கிளம்பியாச்சு என்று அர்த்தம். ஆள் தன் வீட்டில் கால் நீட்டிப் படுத்திருக்கலாம், சாமான் போய்விட்டது அல்லவா. ஆனால் ஒன்று. வைத்ததைத் திரும்ப வீட்டுக்கு எடுத்து வரக்கூடாது. எடுத்தால் போகிற காரியம் விளங்காது. அங்கிருந்து அப்படியே போகவேண்டியதுதான்.

காலனியில் வடக்கு ஓரம் யார் வீடு?

மூன்று பேரும் என் வாசலில் வந்து நின்றார்கள். கோமதிநாயகம் கையைப் பிசைகிறான். "அண்ணாச்சி, உங்க முன்ரூம்ல ஒரு ரெண்டு நாளைக்கு..." "வையும்வே" என்றேன். மனிதன் என்றால் பெருந்தன்மை வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வழியனுப்பு விழா. காலனிப் பிள்ளையார் கோயில் வாசலில் பந்தல், மேளம், பொன்னாடை. செயலாளர் தாணுமூர்த்தி மைக்கைப் பிடித்து, "நம் தாமரை நகரின் மூன்று சிங்கங்கள்" என்றான். பெண்கள் ஆரத்தி எடுத்தார்கள். பச்சைக் கொடியை அசைத்ததும் சிங்கங்கள் சைக்கிளில் ஏறின. எல்லாரும் கைதட்ட, வடக்கே மிதித்து, தெருமுனை திரும்பி, என் வீட்டு வாசலில் இறங்கினார்கள். சைக்கிள்களை உள்ளே வைத்தார்கள். கொல்லைப்புறச் சந்து வழியாக அவரவர் வீட்டுக்கு நடந்து போய், சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்கள். இதுதான் தம்பி அந்த மாபெரும் பயணம். நடந்தது இவ்வளவுதான்.

அந்தக் கொஞ்ச தூரத்துக்கே கோமதிநாயகத்துக்கு முட்டி பிடித்துக்கொண்டது. செவ்வாய்க்கிழமை விடிந்தால் முட்டி விளாம்பழம் மாதிரி இருக்கிறது. அடுத்த செவ்வாய் என்றார்கள். அதற்குள் ஞானதுரை போனைத் தட்டிப் பார்த்துவிட்டு முகம் வெளிறி வந்தான். மலைப்பாதை இன்னும் பனி மூடித்தான் கிடக்கிறதாம். பாலைவனத்தில் அனல்காற்றாம், பகலில் வெளியே தலை காட்டாதே என்கிறானாம். மலையில் பனி உருகவில்லை, மணலில் இறங்கினால் இவர்கள் உருகிவிடுவார்கள். பஞ்சாங்கத்து வசந்தம் இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டது.

போகமுடியாது. போகவில்லை என்று சொல்லவும் முடியாது, பொன்னாடை வாங்கியாச்சு. சைக்கிளைத் திரும்ப எடுத்துப் போகவும் முடியாது, பரஸ்தானம். என்ன செய்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஒளிந்துகொண்டார்கள். சொந்த வீட்டுக்குள். திரையை இழுத்துவிட்டு. ஞானதுரை ஆஸ்பத்திரியில் 'டாக்டர் சுற்றுப்பயணத்தில் இருக்கிறார்' என்று அட்டை தொங்குகிறது. பிச்சுமணி வீட்டில் டிவி சத்தமில்லாமல் ஓடுகிறது. செண்பகம் பாடுதான் பாவம். காய்கறிக்காரி வந்து, "ஐயா இப்போ எங்க இருக்காக?" என்று கேட்டால், "மலையில" என்பாள். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து "காப்பி" என்று ஒரு குரல் வரும். "அது யாரு?" "அது டிவி."

நாளாக ஆக, காலனி வாட்ஸாப் குரூப்பில் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். சிங்கங்கள் எங்கே, ஒரு சேதியும் இல்லையே என்று. மூன்று பேரும் சந்து வழியாக, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்கள்.

"அண்ணாச்சி, உங்களுக்குத்தான் அந்தப் பக்கமெல்லாம் பழக்கம்" என்று ஆரம்பித்தான் கோமதிநாயகம். இப்போது எனக்குப் பழக்கமாகிவிட்டது, கேட்டீர்களா. "தினம் ஒரு சேதி சொல்லுங்க. செண்பகம் குரூப்ல போட்டுருவா, நாங்க அனுப்பினதாட்டம்."

"கதை கேக்கதுக்கு ஆள் வேணும்னீரே. இப்போ சொல்லுததுக்கே ஆள் இல்லையாக்கும்?"

அவன் முட்டியைத் தடவிக்கொண்டான். ஞானதுரை மேலே பார்த்தான். நான் சொன்னேன். பெருந்தன்மை என்று சொன்னேனே, அதுதான்.

சொன்னேன் என்றால் சும்மாவா சொன்னேன். முதல் நாள் மலையடிவாரம். இரண்டாம் நாள் கோமதிநாயகம் பனியில் விழுந்து விறைத்துப் போக, மலைக்காரப் பெண்கள் அவனைக் கொடியில் துணி காயப்போடுகிற மாதிரி வெயிலில் காயப்போட்டு எடுத்தார்கள். அப்புறம் ஒரு கணவாயில் மேகம் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது, நகரமாட்டேன் என்கிறது. பிச்சுமணி பேங்க் மேனேஜர் குரலில் "நாளைக்கு வா" என்று ஒரு அதட்டு அதட்டியதும் கலைந்து போய்விட்டது. ஞானதுரை ஒரு மலையாட்டுக்குச் சொத்தைப்பல் பிடுங்கினான், அந்த ஆடு நன்றி மறக்காமல் அவன் சைக்கிளை மேடு முழுக்க முட்டித் தள்ளிக்கொண்டே வந்தது. செண்பகம் போனில் தட்டித் தட்டிப் போட்டாள். குரூப்பே அல்லோலகல்லோலம். கும்பிடு என்ன, பூ என்ன, கைதட்டல் என்ன. படம் எங்கே என்று கேட்டவர்களுக்கு, "மலையில டவர் இல்லை, எழுத்து மட்டும்தான் வரும்" என்று ஞானதுரை சொல்லிக்கொடுத்த பதில்.

மூன்றாம் தெரு மரகதவல்லி டீச்சர் என்ன போட்டாள் தெரியுமா? 'இதை வடக்குத் தெருப் பரமார்த்தலிங்கம் அண்ணாச்சிக்கும் யாராவது வாசித்துக் காட்டுங்கள். பாவம், தனியாக இருக்கிறார், அவருக்குக் கதை என்றால் ரொம்பப் பிடிக்கும்.'

வாசித்துக் காட்டணுமாம். எனக்கு. என் ஆட்டை, என் மேகத்தை.

வருத்தம் ஒன்றும் இல்லை தம்பி. வேர்க்கிறது, சன்னலைக் கொஞ்சம் ஏற்றுங்க. ஸ்ரீவைகுண்டம் போயாச்சா?

இப்படியே மலையை முடித்து, மணலை நெருங்கியாச்சு. தாணுமூர்த்தி பிடித்துக்கொண்டான். பாலைவனத்தில் டவர் இருக்குமே, ஒரே ஒரு படம் அனுப்புங்கள், காலனி ஆபீசில் கண்ணாடி போட்டு மாட்டவேண்டும் என்று. மறுபடி என் முன்ரூமில் கூட்டம். அப்போது தேரி ஞாபகத்தைக் கொடுத்ததே நான்தான். "திருச்செந்தூர் பக்கம் செம்மணல் கிடக்குலா. பனைமரமும் முந்திரிக் கொல்லாமரமும் படத்துல விழாம, சைக்கிளை மணல்மேட்டுல நிறுத்திப் படம் எடுத்தா யாருக்குத் தெரியப்போகுது?" மூன்று பேருக்கும் கண் விரிந்துவிட்டது. ஞானதுரை காரில் வெள்ளிக்கிழமை விடியற்காலம் போய் எடுத்துவிட்டு வருவது என்று முடிவு.

சைக்கிளில் யார் உட்காருவது? கோமதிநாயகத்துக்கு முட்டி மடங்காது. பிச்சுமணிக்கு அன்றைக்கு நாள் சரியில்லை. ஞானதுரை படம் எடுக்கணும். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்: "தலைக்கவசத்தை மாட்டி, மூஞ்சியில துணியைக் கட்டினா யாரா இருந்தா என்ன. நான் உக்காருதேன்."

ஞானதுரை என்னை மேலும் கீழும் பார்த்தான். "அண்ணாச்சி, அதுக்கு முதல்ல ஏறத் தெரியணும்லா."

அதே சிரிப்பு. மொட்டைமாடிச் சிரிப்பு, இப்போது என் வீட்டுக்குள்ளேயே. கடைசியில் ஞானதுரை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் உட்காருவது என்று முடிவாயிற்று. கம்பவுண்டர். அவன் மலையைப் பேசினானா, மணலைப் பேசினானா? நிஜப் பயணத்தில்தான் இடமில்லை என்றார்கள், சரி. பொய்ப் படத்தில், அதுவும் மூஞ்சியை மூடிக்கொண்டு உட்காருவதற்குக்கூட எனக்கு இடமில்லையாம்.

அது நேற்று. இன்றைக்கு வியாழன். காலையில் செண்பகம் வழக்கம்போலப் போனோடு வந்தாள். ஆள் பாதியாகிவிட்டாள். வீட்டுக்குள் அடைந்து கிடக்கிற புருஷனுக்குக் காப்பி போட்டே கை ஓய்ந்துவிட்டது. "இன்னைக்கு என்ன போட அண்ணாச்சி?" என்றாள்.

நான் சொல்லச் சொல்லத் தட்டினாள். 'பாலைவன எல்லைக்கு வந்துவிட்டோம். இதற்கு மேல் எங்களால் முடியவில்லை. வெயிலைப் பார்த்ததும் மூன்று பேரும் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டோம்.'

தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "மேல சொல்லுங்க."

'அப்போது நம் காலனி வடக்குத் தெருப் பரமார்த்தலிங்கம் அண்ணாச்சி அங்கே வந்து சேர்ந்தார். நீங்க ஊருக்குப் போங்கவே, மிச்சத்தை நான் பார்த்துக்கிடுதேன் என்று சொல்லி, எங்கள் சைக்கிளில் ஒன்றை வாங்கிக்கொண்டு தன்னந்தனியாக மணலில் இறங்கினார். நாங்கள் இன்று சாயங்காலம் வீடு வந்து சேருகிறோம்.'

"சாயங்காலம் வந்துருவாகளா?" என்றாள்.

"திரையை எடுத்துவிட்டா வந்தாச்சு."

சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள் பாருங்க, நான் அந்தக் காலனிக்கு வந்து அவள் சிரித்து இன்றைக்குத்தான் பார்த்தேன். விரலால் ஒரு தட்டு. "போயிருச்சு அண்ணாச்சி." அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். "நிசமாவே போறீயளா?"

"போகாம?"

"அப்போ இருங்க." வீட்டுக்குப் போய் வாழையிலையில் புளியோதரை கட்டிக் கொண்டுவந்தாள். கூடவே இதையும். இதோ, சட்டையைத் திறந்து காட்டுகிறேன், பாருங்க. மஞ்சள் பனியன். 'மலை முதல் மணல் வரை.' "இது அவுகளுக்கு இனிமே ஏறாது, நீங்க போட்டுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டாள். பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்ததும் அவள்தான், அங்கே முன்சக்கரத்தைக் கழற்ற எனக்குச் சொல்லித் தந்ததும் அவள்தான். நான் உருட்டிக்கொண்டு வந்தேன். "ஏறி மிதிச்சுக் காட்டலியா?" என்றாள். கேரியரில் புளியோதரை இருக்கிறது, உருட்டத்தான் செய்வார்கள் என்றேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு நடந்தாள். நல்ல பெண்.

தெற்கே போகிற பஸ், வியாழக்கிழமை தெற்கே சூலம். இருந்துவிட்டுப் போகட்டும். பரஸ்தானம் வைத்த சைக்கிள், வைத்த இடத்திலிருந்து கிளம்பியாச்சு. வைத்தவன் கிளம்பவில்லை என்றால் அதற்கு நானா பொறுப்பு.

இதோ, மறுபடி போன் அடிக்கிறான். கோமதிநாயகம்தான். சேதியைப் பார்த்திருப்பான். ஏறினதிலிருந்து அடித்துக்கொண்டே இருக்கிறான். அடிக்கட்டும். நான் போகிற ஊரில் டவர் கிடையாது, அவர்கள் சொல்லிக்கொடுத்த பதில்தானே.

அங்கே பாருங்க, சன்னல் பக்கம். சொன்னேனா இல்லையா, செக்கச்செவேலென்று. எவ்வளவு பெரிசாக இருக்கிறது. இல்லை இல்லை, நான் பார்த்த பாலைவனம் இதைவிடப் பெரிசு. ஆனால் இதுவும் பெரிசுதான்.

கண்டக்டர், தேரி விலக்கு. ஒரு ஆள், ஒரு சைக்கிள்.

தம்பி, ஒரு கை கொடுங்க. நீங்க அந்தப் பக்கம் தூக்குங்க, நான் சக்கரத்தைப் பிடித்துக்கிடுதேன். உங்களுக்கு இதை மாட்டத் தெரியுமா? கழற்றுகிறது மட்டும்தான் செண்பகம் காட்டினாள். அட, நீங்களும் இறங்குங்க. உடன்குடிக்குப் பின்னாலேயே அடுத்த பஸ் வரும். கடிகாரத்துக்கு என்ன அவசரம், அந்த வீட்டில் ஏற்கெனவே நாலு தொங்கும். கடிகாரத்தை அந்தப் பனைமரத்தடியில் வையுங்க.

ஆங், மாட்டியாச்சா. சுற்றுகிறதே. கெட்டிக்காரர்தான்.

புளியோதரையைக் கேரியரிலிருந்து எடுத்துடுங்க. எடுத்து நீங்களே சாப்பிடுங்க. இப்போ இதில் ஒன்றும் இல்லை, பார்சல் கிடையாது, ஆள் மட்டும்தான்.

சரி. இப்போ பின்னாலிருந்து சீட்டை இறுக்கிப் பிடிச்சுக்கிடுங்க. எதற்கா? இந்தக் காலத்துச் சைக்கிள் உயரம் வேற தம்பி, அந்தக் காலத்து மாதிரி இல்லை. பழக்கம் விட்டுப்போச்சு, அவ்வளவுதான். பிடிச்சாச்சா? கூடவே கொஞ்ச தூரம் ஓடி வரணும். அந்த மேடு வரைக்கும் போதும், அதற்கப்புறம் மணல், விழுந்தாலும் வலிக்காது. எப்போ கையை எடுக்கணும்னு தோணுதோ, அப்போ எடுங்க.

எடுத்துட்டேன்னு மட்டும் என்கிட்டே சொல்லவேண்டாம்.